குறை சொல்ல ஆள் தேவை

உ

சென்னை-17
14.6.1972

அன்பும் பொறுமையும் நிறைந்த மைத்துனன் தனபாலனுக்கு அத்தான் சண்முகசுந்தரம் எழுதுவது. இங்கே நான், உன் அக்கா முத்துலட்சுமி, பாண்டி பஜார் ஜவுளிக்கடை ஆகிய மூவரும் திருச்செந்தூரான் புண்ணியத்தில் சௌக்கியமாக இருக்கிறோம். தூத்துக்குடியில் நீ, தங்கம், குழந்தைகள், உன் புதுக்கடை எல்லாரும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உப்புக்காற்றில் துணியெல்லாம் சாயம் வெளுக்கிறதா, சாயங்கால வேளைகளில் பொழுது எப்படிப் போகிறது என்பதை விவரமாக எழுதவும். போன கடிதத்தில் நீ விவரமாக எழுதவில்லை. அதற்கு முந்தைய கடிதத்தையே நீ எழுதவில்லை.

நிற்க. இது கிளப் விஷயமான அவசரக் கடிதம். சொந்த விஷயம் எதுவும் இதில் கிடையாது. வருகிற 25ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நம் மயிலை செவன் ஸ்டார்ஸ் கிளப்பில் இந்த வருஷத்து ஃபுட்பால் லீக் ஆட்டத்துக்குப் புதுப் பையன்களைப் பொறுக்கி எடுக்கப்போகிறோம். நீ 24ஆம் தேதி வண்டி ஏறினால் மறுநாள் காலை எழும்பூரில் இறங்கிவிடலாம். ஏன் என்று கேட்பாய். நம் கிளப்பின் சட்டம் உனக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோவையாக வரும். எந்தப் பையனை எடுப்பதானாலும் நொச்சிக்குப்பத்துக் குட்டிச்சுவரில் உட்கார்ந்து ஒருவர் அவனைப் புகழ வேண்டும், இன்னொருவர் அவனைக் குறை சொல்ல வேண்டும், செகரட்டரி ஸ்ரீனிவாசராகவன் தம் நீள நோட்டில் இடப்பக்கம் நிறையும் வலப்பக்கம் குறையும் எழுதி, இரண்டு பக்கமும் நிரம்பினால்தான் கீழே கையெழுத்துப் போடுவார். பெண் பார்க்கப் போனால்கூட நாலு வீட்டில் விசாரிக்கிறோம், பந்தாடுகிறவனை விசாரிக்காமல் எடுக்கலாமா என்று இந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே நாம் இரண்டு பேரும்தான். பதினொரு வருஷம் சுவரின் தெற்கு முனையில் உட்கார்ந்து நான் புகழ்ந்தேன், வடக்கு முனையில் உட்கார்ந்து நீ குறை சொன்னாய், நடுவில் வேர்க்கடலைப் பொட்டலம் போய்வந்துகொண்டிருந்தது. நீ போன பிறகு புகழ்வதற்கு ஊரே இருக்கிறது, குறை சொல்லத்தான் நாதியில்லை. மெட்ராஸில் குறை சொல்ல ஆள் இல்லை என்றால் யாராவது நம்புவார்களா? குழாய்த் தண்ணீரையும் பஸ்ஸையும் சம்பந்தியையும் மணிக்கணக்கில் சொல்கிறவர்கள், ஒரு பையனுடைய இடது காலைப் பற்றி உருப்படியாக ஒரு குறை சொல்லுங்கள் என்றால் வாயடைத்துப்போகிறார்கள்.

இந்த வருஷம் வந்திருப்பவன் சாதாரணப் பையன் இல்லை. குப்பத்தில் ரோட்டோரம் மீன் விற்கிறாளே தேசம்மா, அவள் மகன் மிக்கேல். பத்தொன்பது வயது. இடது ஓரத்தில் லெஃப்ட் அவுட் ஆடுகிறான். வெறுங்காலோடு அந்தப் பொதபொத மணலில் பந்தை அவன் ஓட்டிவருவதைப் பார்த்தால், மாப்பிள்ளை, வேட்டி அவிழ்ந்தால்கூடத் தெரியாது, அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இரண்டு பேர் எதிரே வந்தால் நின்றுவிடுகிறான். அவர்கள் இவன் எந்தப் பக்கம் போவான் என்று யோசித்து முடிப்பதற்குள் போயே விடுகிறான். நானும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவிட்டேன், எனக்கு ஒரு குறையும் தென்படவில்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது. இடப்பக்கம் மூன்று தாள் நிரம்பிவிட்டது, வலப்பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது, ஸ்ரீனிவாசராகவன் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, "குறையே இல்லேன்னா பகவான்னு அர்த்தம். பகவானை தேர்டு டிவிஷன்ல எப்படி ஆட விடறது?" என்கிறார். இதற்குள் அடையாறு பக்கத்து கிளப் ஒன்றிலிருந்து ஆட்கள் வந்து, பையனுக்குப் புது பூட்ஸ் வாங்கித் தருகிறோம் என்று தேசம்மாவிடம் பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். பையனோ, ஆடினால் இந்தச் சுவர்க்காரர்களுக்குத்தான் ஆடுவேன் என்று காத்திருக்கிறான். எத்தனை நாள் காத்திருப்பான்?

உனக்குப் பதிலாக ஆள் போட்டுப் பார்க்காமல் இல்லை. முதலில் சைக்கிள் கடை மெஹபூப் பாஷாவை உட்கார வைத்தேன், வடக்கு முனையில் அல்ல, நடுவில். ஆட்டம் முடியும்வரை கண்கொட்டாமல் பார்த்துவிட்டுக் கடைசியில், "மொதலாளி, தப்பா நெனைக்காத. கொறை கண்டுபுடிக்கணும்னுதான் குந்திக்கினு இருந்தேன். புள்ள ஓடுறதப் பாத்துக்கினே அத்த மறந்துட்டேன்" என்றார். அடுத்த ஞாயிறு மறக்கக் கூடாது என்று சொல்லி அழைத்துப்போனேன். ஆட்டம் தொடங்கிய ஐந்தாவது நிமிஷம் "கண்டுபுடிச்சிட்டேன்!" என்று எழுந்தார். குறை பையனிடம் இல்லை, பந்தில் காற்று கம்மி என்றார். கடையிலிருந்து பம்பைக் கொண்டுவந்து அவரே மணலில் மண்டிபோட்டு அடித்தார், தொழில்காரர் ஆயிற்றே என்று நாங்களும் விட்டுவிட்டோம், அவர் லாரி டயருக்கு அடிப்பதுபோல அடித்ததில் பந்து வெடித்து, அன்றைய தேர்வு அதோடு முடிந்தது.

அதற்கடுத்த ஞாயிறு உன் அக்கா தானும் வருகிறேன் என்று கிளம்பினாள். உன் உடன்பிறப்பல்லவா, குறை சொல்லும் ரத்தம் அவளுக்கும் ஓடுமே என்று நான் ஆசைப்பட்டுவிட்டேன். வீட்டில் என்னைப் பற்றி அவள் சொல்வதை எழுதினால் ஸ்ரீனிவாசராகவனுக்கு நோட்டுப் பற்றாது. மிக்கேலைப் பார்த்ததும், "ஏங்க, என்ன இப்படி எலும்பும் தோலுமா நிக்கான்? இதுதாங்க கொறை" என்றாள். சரி, ஏதோ ஒன்று கிடைத்தது என்று நோட்டை விரிக்கச் சொல்வதற்குள், கூடையைத் திறந்து, தூக்குச்சட்டி நிறைய உளுந்தங்களியை எடுத்தாள். உன் அக்காவுக்கு உலகத்தில் எல்லா நோய்க்கும் உளுந்தங்களிதான் மருந்து என்பது உனக்குத் தெரியும். பையன் மரியாதைக்காக மறுக்காமல் முழுவதையும் தின்றான். நல்லெண்ணெய் மணக்க மணக்கத் தின்றுவிட்டு ஆடப்போனவன், பத்து நிமிஷத்தில் இடது கோட்டருகே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். பந்து அவன் மடியைத் தாண்டிப் போயிற்று. "கொறைய நிவர்த்தி பண்ணியாச்சு" என்று உன் அக்கா கூடையை மூடிக்கொண்டு புறப்பட்டாள்.

கடைசியில் தேசம்மாவையே கேட்டுவிடுவது என்று நானும் ஸ்ரீனிவாசராகவனும் அவள் மீன் கூடைக்கு எதிரில் போய் நின்றோம். "கொறையா? இன்னாத்துக்கு சாமி, போலீஸா?" என்று முதலில் பதறினாள். விஷயத்தைச் சொன்னதும் உற்சாகமாகிவிட்டாள். "அப்டீன்னா எய்திக்கோ. காலீல எய்ந்துக்க மாட்டான். வலைய ஒணத்துடான்னா அத்த நான் பத்து வாட்டி சொல்லணும். போன வாரம் கருவாட்டுக்குக் காவல் வெச்சிட்டுப் போறேன், திரும்பி வந்து பாத்தா இவன் பந்து ஆடிக்கினு கீறான், காக்கா கருவாடு துன்னுக்கினு கீது" என்றாள். ஸ்ரீனிவாசராகவன் பேனாவோடு தயங்கி, "கருவாடுன்னு எழுதத்தான் வேணுமா? இந்த நோட்டு ஆத்துல பூஜை அலமாரிக்குப் பக்கத்துல இருக்கு" என்று என்னைப் பார்த்தார். பிறகு தேசம்மா குரலைத் தணித்துக்கொண்டு, "கால்ல பந்து வந்துட்சின்னா பெத்தவ கூப்ட்டாலும் திரும்பிப் பாக்க மாட்டான். அதயும் எய்திக்கோ" என்றாள். "இது குறையா, நிறையா? எந்தப் பக்கம் எழுதறது?" என்று செகரட்டரி கேட்டார். எனக்கும் தெரியவில்லை. நீ இருந்தால் சொல்லியிருப்பாய். இப்போது நான் அந்த வழியே போகும்போதெல்லாம், "சாமி, உங்க மச்சான் எப்போ வராரு?" என்று அவள் கேட்கிறாள். எழுதியிருக்கிறேன், எழுதியிருக்கிறேன் என்று சொல்லிவைக்கிறேன். எழுதாமலே.

நாகராஜ் விஷயத்தை இந்தக் கடிதத்தில் எடுப்பதில்லை என்று பிள்ளையார் சுழி போடும்போதே முடிவு செய்துவிட்டேன். அதில் எழுத என்ன இருக்கிறது? நம் கடையில் வேட்டிப் பிரிவில் நின்றவன், பரணிலிருந்து துணிக்கட்டைத் தூக்கிப் போட்டால் ஒன்றுகூடக் கீழே விழாமல் பிடிக்கிறவன், இப்பேர்ப்பட்ட கை கோல் கம்பத்துக்கு நடுவில் நின்றால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஜவுளிக்காரன் எவனுக்கும் அப்படித்தான் தோன்றும். நீ அன்றைக்கு வடக்கு முனையிலிருந்து, "அத்தான், கட்டு இவனைப் பாத்து வருது. பந்து இவன விட்டுட்டுப் போவத்தான் பாக்கும்" என்றாய். அதற்கு நான் பத்துப் பேர் முன்னால் ஏதோ சோறு, கீறு என்று சொல்லிவிட்டதாக உன் அக்கா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கடற்கரைக் காற்றில் சொன்னது ஒன்று, காதில் விழுந்தது வேறாக இருக்கும். நீ வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, "வாரேன் அத்தான்" என்று எழுந்து போனாய். இரண்டு மாதத்தில் தூத்துக்குடியில் கடை போட்டாய். வியாபார விருத்திக்காகப் போனாய் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிவருகிறேன், நீயும் அப்படித்தான் சொன்னாய். முதல் ஆட்டத்தில் நாகராஜ் ஆறு கோல் விட்டது உண்மை. முதல் கோலுக்கு வெயில் கண்ணில் அடித்தது. இரண்டாவதுக்கு மேகம் வந்து இருட்டிவிட்டது. மற்ற நாலுக்கும் பொதுவான காரணங்கள் உண்டு. ஆகவே நாகராஜ் விஷயத்தை விட்டுவிடுவோம்.

இங்கே மற்றபடி ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் கடையைக் கணக்கப்பிள்ளையிடம் விட்டுவிட்டு வழக்கம்போல் சுவருக்குப் போகிறேன். வடக்கு முனையில் யாராவது உட்கார வந்தால் குடையை அங்கே வைத்துவிடுகிறேன், ஆள் வருகிறது என்று சொல்கிறேன். இரண்டு வருஷமாகச் சொல்கிறேன். கடலைப் பொட்டலம் கை தானாக இரண்டு வாங்கிவிடுகிறது, ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தால் நமுத்துப்போகிறது. யாரைப் புகழ்ந்தாலும் சுற்றியிருக்கிறவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறார்கள். மறுத்துப் பேச ஆளில்லாமல் புகழ்வது எவ்வளவு அலுப்பான வேலை என்று எனக்கு இதற்கு முன் தெரியாது. ஒரு பையன் நல்ல ஷாட் அடிக்கும்போது கழுத்து தானாக வடக்கே திரும்புகிறது. இதையெல்லாம் நீ வர வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. மிக்கேலின் எதிர்காலத்துக்காக எழுதுகிறேன். 25ஆம் தேதிக்கு மேல் ஒரு நாள்கூடப் பொறுக்க முடியாது என்று செகரட்டரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தங்கத்துக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள். மூத்தவன் பந்தாடுகிறானா, எந்தக் கால் என்று எழுதவும். எல்லாருக்கும் தீர்க்காயுளும், உன் கடைக்குச் சாயம் போகாத சரக்கும் முருகன் அருள வேண்டும். உன் அக்கா உளுந்து மாவு அனுப்பட்டுமா என்று கேட்கிறாள், வேண்டாம் என்று உடனே எழுதிவிடு.

இப்படிக்கு,
கிளப் நலன் ஒன்றையே கருதும்
உன் அத்தான்
அ. சண்முகசுந்தரம்

பின்குறிப்பு: கவரை ஒட்டிவிட்டுப் பிரித்து இதை எழுதுகிறேன். 25ஆம் தேதி தேர்வு எதுவும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை, 11ஆம் தேதியே எல்லாம் முடிந்துவிட்டது. மிக்கேலை எடுத்துக்கொண்டோம். தேசம்மா எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்தாள். அன்றைக்கு யாரும் வாய் திறக்காததால் நானே குடையை எடுத்துவிட்டு வடக்கு முனையில் போய் உட்கார்ந்தேன். அங்கேயிருந்து பார்த்தால் அந்தப் பையனிடம் எத்தனை குறை! வலது கால் நிற்பதற்கு மட்டும்தான். தலைக்கு வரும் பந்துக்குக் கண்ணை மூடிக்கொள்கிறான். மணலில் பழகிய கால், புல்தரையில் பந்து இரண்டடி முன்னே ஓடிவிடும். பின்னால் வருகிறவனைத் திரும்பிப் பார்க்கவே மாட்டான். உன்னைப் போலவே இழுத்து இழுத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்ரீனிவாசராகவன் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே, "தனபாலன் வந்துட்டாரோ?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பிப் பார்த்தேன், தெற்கு முனை காலியாக இருந்தது.

நாகராஜுக்கு வெயிலும் அடிக்கவில்லை, மேகமும் வரவில்லை. பந்து அவனை விட்டுவிட்டுத்தான் போயிற்று. சோறு என்ற வார்த்தையை நான் சொன்னேன். காற்றுமேல் பழி போடுவதற்கில்லை. பதினேழு வருஷம் என் கடையில் நீ உழைத்துச் சாப்பிட்ட சோறு அது. இதைச் சொல்ல எனக்கு இரண்டு வருஷமும் எட்டுத் தாளும் ஆகியிருக்கின்றன.

ஆகையால் இப்போது குறை சொல்ல ஆள் தேவையில்லை. நீ சும்மா வா, மாப்பிள்ளை.