நாலாவது ஞானஸ்நானம்

ஊரில் பிறரைச் சந்தேகப்படுகிறவர்கள் ஒரு ரகம். அவர்களைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் அவர்களே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இன்று நாம் பார்க்கப்போவது அதைவிட அபூர்வமான பிறவி: தன்னையே சந்தேகப்படுகிறவர். அதிலும் ஒரு தனிப்பிரிவு. தன் விசுவாசம் அசலா போலியா என்று காலையில் பல் தேய்க்கும்போது ஒரு தரம், ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு போகும்போது ஒரு தரம், சாப்பாட்டுக்கு ஜெபம் பண்ணி முடித்து முதல் கவளம் வாய்க்குள் போவதற்குள் இன்னொரு தரம் சோதித்துப் பார்க்கிற கிறிஸ்தவர். சுயசோதனைக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். நீங்கள் இவரைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள்.

ஞாயிறு ஆராதனையில் எல்லோரும் கண்ணை மூடிக் கையை உயர்த்திப் பாடுவார்கள். இவரும் கண்ணை மூடியிருப்பார், கையை உயர்த்தியிருப்பார், தாளம்கூடத் தப்பாது. ஆனால் உள்ளுக்குள் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு தன்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். கண்ணீர் வருகிறதா? வரவில்லையே! முன்வரிசைச் சகோதரிக்குத் தாரை தாரையாகக் கொட்டுகிறதே! ஆ, நமக்கும் வந்துவிட்டது. ஆனால் இது பக்தியில் வந்த கண்ணீரா, அவளுக்கு வந்துவிட்டதே என்ற பொறாமையில் வந்த கண்ணீரா? அவ்வளவுதான். வந்த கண்ணீரும் வழியிலேயே நின்றுவிடும்.

பிரசங்கியார் மேடையில் குரலைத் தாழ்த்தி, "இங்க ஒருத்தர் பேருக்கு மட்டும் கிறிஸ்தவரா உக்காந்திருக்கார்" என்பார். பந்தல் கொள்ளாத கூட்டம். ஆனாலும் அந்த ஒருத்தர் யார் என்று இவருக்கு மட்டும் சந்தேகமே இல்லை. எழுந்து முன்னே போய்விடுவார். மனந்திரும்ப முன்னே வருகிறவர்களோடு ஜெபிக்க நிற்கும் தம்பி இவரை அடையாளம் கண்டுகொண்டு, "பிரதர், போன கூட்டத்துலயும் நீங்க வந்தீங்கல்ல?" என்று கேட்பார்.

"வந்தேன் பிரதர். ஆனா அது செல்லுமான்னு ஒரு டவுட்டு."

இந்த ரகத்தின் உச்சத்தைக் காண வேண்டுமானால் கேளம்பாக்கத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தர்மராஜ் இருக்கிறார். சொந்த ஊர் அச்சரப்பாக்கம். வேலை சிறுசேரியில், பிறர் எழுதிய மென்பொருளில் தப்புக் கண்டுபிடிக்கும் வேலை. தப்புக் கிடைக்கவில்லையென்றால் தப்பில்லை என்று அர்த்தமில்லை, சரியாகத் தேடவில்லை என்றுதான் அர்த்தம் என்பது அந்தத் தொழிலின் பால பாடம். அந்தப் பாடம்தான் அவருக்குச் சம்பளம் தருகிறது, பதவி உயர்வு தந்தது. சாயங்காலம் ஆபீஸ் வண்டியிலிருந்து இறங்கும்போது அதை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். அவர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

தர்மராஜுக்கு மூன்று ஞானஸ்நானம் ஆகியிருந்தது. முதலாவது, கைக்குழந்தையில் செங்கல்பட்டுக் கிறிஸ்தவக் கோயிலில் பாதிரி ஐயர் நெற்றியில் தெளித்தது. அது பெற்றோருடைய விசுவாசம், நம்முடையதல்ல என்று தள்ளிவிட்டார். இரண்டாவது, கேளம்பாக்கத்தில் ஒரு சபையின் சிமெண்டுத் தொட்டியில். அதில் முழங்கால் மடங்கவில்லை, உச்சந்தலை நனைந்ததா என்பதே ஐயம். மூன்றாவது, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலில். தலையிலிருந்து கால்வரை நனைந்ததில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் மூழ்கிய அந்த நொடியில் அவர் நினைத்தது பாவ மன்னிப்பை அல்ல, சட்டைப் பையில் விட்டுவிட்ட கார்ச் சாவியை.

அன்றைக்கு மதியம் சபையார் அத்தனை பேருக்கும் வீட்டில் பிரியாணி. அச்சரப்பாக்கத்திலிருந்து தம்பி கலையரசனும் வந்திருந்தான். நெல் லாரி ஓட்டுகிற ஆள். ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் உட்காருவான், கிறிஸ்துமசுக்குப் புதுச்சட்டை போடுவான், தன் விசுவாசத்தை ஒருநாள்கூடத் திருப்பிப் போட்டுப் பார்த்ததில்லை. அவன் கோழிக்காலைக் கடித்துக்கொண்டே, "அண்ணி, இன்னும் ரெண்டு வாட்டி முக்குனா அண்ணன் சாயம் வெளுத்துடப் போவுது, பாத்துக்க!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கடலில் முக்கியெடுத்த போதகரும் சிரித்தார். தர்மராஜ் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். கேலி செய்தானே என்பதல்ல கோபம். அதே சந்தேகம் அவருக்குள்ளும் இருந்தது, அதை ஊர் முன்னால் போட்டு உடைத்துவிட்டானே என்பதுதான். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. அதன் பிறகு பல கிறிஸ்துமஸ் வந்து போய்விட்டது.

இப்போது மகள் ஜெயப்பிரியாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை செங்கல்பட்டு. எதிர்வீட்டு உப்பிலிக்குப் பத்திரிகை வைத்தாயிற்று, குடியிருப்புக் காவலாளிக்கு வைத்தாயிற்று, அச்சரப்பாக்கத்துக்கு மட்டும் வைக்கவில்லை.

"ஏங்க, அச்சரப்பாக்கம் எப்பப் போறது?" என்று கேட்டாள் மனைவி கிருபாவதி.

"போலாம். அவன மன்னிச்சிட்டேனான்னு பாத்துகினு கீறேன்."

"அதுல இன்னா பாக்குறது? ஸ்கேனா எடுக்கணும்?"

"உனுக்குப் புரியாது கிருபா. மன்னிக்காத மனசோட போய்ப் பத்திரிக வெச்சா அது நடிப்பு. தேவன் உள்ளத்தப் பாக்குறவரு."

"அவரு பாத்துக்குவாரு. நீங்க ஏன் நடுவுல எட்டி எட்டிப் பாக்குறீங்க?"

ஆனால் தர்மராஜ் பார்த்தார். தினமும் படுக்கும்முன் முழங்காலில் நின்று தம்பியை முழுமனதோடு மன்னித்தார். தினமும் விடிந்ததும் அந்த மன்னிப்பைச் சோதித்தார். சோதிக்கும் முறை எளியது: கண்ணை மூடி, கோழிக்காலும் கையுமாகச் சிரிக்கிற கலையரசன் முகத்தை மனதுக்குள் கொண்டுவந்து நிறுத்த வேண்டியது, வயிறு எரிகிறதா என்று பார்க்க வேண்டியது. எரிந்தது. ஃபெயில். மறுநாளும் ஃபெயில். ஒருநாள் எரியவே இல்லை. துள்ளிக் குதித்து எழுந்தவர், முகம் சரியாகத் தெரியாததால் எரியாமல் இருந்திருக்குமோ என்று மறுபடி நினைத்துப் பார்த்தார். எரிந்தது.

ஜெயப்பிரியாவுக்குப் பொறுமை போய்விட்டது. "டாடி, சித்தப்பா வரலன்னா நான் சர்ச் படி ஏற மாட்டேன். சும்மா சொல்றேன்னு நெனைக்காத."

"மன்னிக்காம எப்டிம்மா கூப்புடறது?"

"நீ மன்னிக்கவே வாணாம், கூப்டு போதும். எனக்கு ஸ்கூட்டி ஓட்டக் கத்துக் குடுத்தாரே, மொத நாளே வண்டிய அவர் கால் மேலதான் ஏத்துனேன். என்ன மன்னிச்சிட்டமான்னு அவரு டெஸ்ட் பண்ணிகினா இருந்தாரு? நொண்டிகினே போயி ஐஸ்கிரீம் வாங்கிகினு வந்தாரு."

நியாயமான பேச்சு. நியாயமான பேச்சைக் கேட்டால் சுயசோதனைக்காரர் என்ன செய்வார்? அழுதுவிட்டு அச்சரப்பாக்கம் கிளம்புவாரா? மாட்டார். நம்மால் மன்னிக்க முடியவில்லையென்றால் நம் மனந்திரும்புதலிலேயே ஓட்டை இருக்கிறது, அதற்குக் காரணம் மூன்றாவது ஞானஸ்நானம் கார்ச் சாவியால் கெட்டுப்போனதுதான் என்று மூலத்தைப் பிடித்துவிடுவார். ஆக, முதலில் நாலாவது ஞானஸ்நானம். அப்புறம் மன்னிப்பு. அப்புறம் பத்திரிகை.

தர்மராஜ் இப்போது போகிற புதிய சபையின் போதகர் செல்வராஜ் நல்ல மனிதர். "பிரதர், தண்ணி அதே தண்ணிதான்" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். தர்மராஜ் விடாமல் போன் செய்தார். இது முடிந்தால்தான் கல்யாண வேலை நகரும் போலிருக்கிறது என்று கடைசியில் போதகர் ஒத்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை காலை, மாமல்லபுரத்துக்குத் தெற்கே மீனவர் குப்பத்தை ஒட்டிய கரை. படகுகள் மணலில் ஏறிக் கிடந்தன. கிருபாவதி மாற்றுத் துணியும் ஃப்ளாஸ்கில் காபியுமாக ஒரு படகின் நிழலில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளை வேட்டி சட்டையில், பைகளை எல்லாம் காலி செய்துவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்றார் தர்மராஜ். பக்கத்தில் போதகர் அவர் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஜெபத்தைத் தொடங்கினார். தர்மராஜ் கண்ணை மூடினார். இந்தத் தரம் மனம் ஒருமைப்பட்டிருக்கிறதா? பட்டிருந்தது. உறுதி செய்துகொள்ள ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

கரையில் ஸ்கூட்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவள் ஜெயப்பிரியா. பின்னால் இருந்து இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியவன் கலையரசன்.

தர்மராஜ் உடனே கண்ணை இறுக மூடிக்கொண்டார். இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? நினைவில் கொண்டுவர வேண்டிய முகம் நேரிலேயே வந்து நிற்கிறது! வயிறு எரிகிறதா? எரிகிற மாதிரி இருக்கிறது. இல்லை, காலையில் சாப்பிடாததாலா? இவர் வயிற்றுக்குள் மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தபோது, கரையில் மூன்று பேரும் தொண்டை கிழியக் கத்தியது அவர் காதில் விழவில்லை. அலை வந்தது. ஜெபத்தின் பாதியில் போதகரையும் அவரையும் சேர்த்துப் புரட்டிப் போட்டது. போதகர் எழுந்துவிட்டார். தர்மராஜ் எழவில்லை.

கலையரசன் ஓடினான். பேண்ட், செருப்பு, பையிலிருந்த செல்போன் எல்லாவற்றோடும் பாய்ந்து, அண்ணனின் சட்டைக் காலரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து மணலில் போட்டான்.

"அறிவு கீதா உனுக்கு? அல வருது அல வருதுன்னு கத்துறேன், கண்ண மூடிகினு இன்னா தூக்கமா?"

தர்மராஜ் இருமினார். உப்புத் தண்ணீரைத் துப்பினார். இத்தனை காலம் கழித்துத் தம்பியிடம் அவர் பேசிய முதல் வார்த்தை, "டேய், உன் செல்லு!"

கலையரசன் பையிலிருந்து எடுத்தான். தண்ணீர் சொட்டியது. "போச்சு" என்றான்.

"உன்ன யார்றா வரச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? நீ பத்திரிக வெக்க வர மாதிரி தெர்ல. சரி, நாமளே போயி வாங்கிகினு வந்துடலாம்னு வந்தேன்."

கிருபாவதி கைப்பையிலிருந்து பத்திரிகையை எடுத்து நீட்டினாள். "ஈரக் கையி அண்ணி, அண்ணனயே சொல்லச் சொல்லு" என்று மணலில் உட்கார்ந்துவிட்டான் அவன். தர்மராஜ் சொன்னார், எந்தக் கோயில், எந்த மண்டபம், எல்லாம்.

"சரி, சாப்பாடு யாரு?"

"கேளம்பாக்கத்துல ஒருத்தர் கீறாரு."

"கேளம்பாக்கத்தானா? அவன் பிரியாணில கறியத் தேட டார்ச்சு வேணும்ணா! நம்மூரு சுப்பிரமணிய இட்டாறேன்."

"சுப்பிரமணியா? அவன் உப்பு போடறதையே மறந்துடுவான்டா!"

"நீ மட்டும் எல்லாம் மறக்காத ஆளு! கூடப் பொறந்தவன மறந்துட்டு உக்காந்துகினு கீற!"

சண்டை மூண்டது. சத்தம் கரையெங்கும் கேட்டது. இடுப்பளவு தண்ணீரில் இன்னும் நின்றிருந்த போதகர், "பிரதர், முடிச்சிரலாமா? குளுருது!" என்று கூப்பிட்டார்.

"இருங்க பாஸ்டர், கறி விஷயம் பேசிகினு கீறோம்!" என்றார் தர்மராஜ், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

போதகர் சற்று நேரம் நின்று பார்த்தார். பிறகு தானாகக் கரையேறி, தர்மராஜுக்கு வைத்திருந்த காபியைக் குடித்துவிட்டு, ஆட்டுக்கறி என்றால் மதுராந்தகம் சந்தைதான் என்று அவரும் விவாதத்தில் இறங்கினார். ஞானஸ்நானத்தை எல்லோரும் மறந்தார்கள். ஜெயப்பிரியா மட்டும், ஈரத்தோடு கத்திக்கொண்டிருந்த அந்த இரண்டு பேரையும் பார்த்து, சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தாள்.

திரும்பும்போது கிருபாவதி கார் ஓட்டினாள். கோவளம் தாண்டியதும் தர்மராஜ் அவள் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"வேணாம். கேக்காதீங்க."

"ஒண்ணே ஒண்ணு. அவன் கூடப் பேசிகினு இருந்தேனே, அப்ப எனக்கு வயிறு எரிஞ்சுதா?"

"என்னக் கேட்டா? உங்க வயிறுதானே!"

"தெர்ல கிருபா. பாக்க மறந்துட்டேன்."

அவள் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள். அவரை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "மெய்யாலுமே மறந்துட்டீங்களா?"

"மெய்யாலும்."

"போதும். கல்யாணம் முடியுற வரைக்கும் இப்டியே மறந்துகினு இருங்க" என்று சொல்லி வண்டியை எடுத்தாள். அவரும் சரி என்றார். அடுத்த சிக்னல் வருவதற்குள், சோதித்துப் பார்க்காத மன்னிப்பு செல்லுமா என்று ஒரு கேள்வி அவருக்குள் எழுந்துவிட்டது. கேட்கவில்லை. அந்த அளவுக்கு முன்னேற்றம்தான்.

நீங்கள் இவ்வளவையும் சிரித்துக்கொண்டே படித்திருப்பீர்கள். நமக்கென்ன, நாம் கடலிலும் இறங்கியதில்லை, தொட்டியிலும் இறங்கியதில்லை என்று சாய்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். நல்லது. ஆனால் யாரோ ஒருவருக்குப் போன் செய்ய வேண்டும் என்று நெடுநாளாக நினைத்து, மனசு இன்னும் சரியாகட்டும், சும்மா ஒப்புக்குப் பேசக் கூடாது என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கவில்லையே? இல்லை என்கிறீர்கள். நான் அந்த ரகமே இல்லை என்கிறீர்கள். நம்புகிறேன். ஒன்றே ஒன்று: அதைச் சொல்வதற்கு முன்னால் உள்ளே ஒரு தரம் பார்த்துக்கொண்டுதானே சொன்னீர்கள்?