மீனுக்குக் குடை பிடித்த சித்தர்

போன மாதம் கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்புக்கு ஒரு சித்தர் எழுந்தருளினார். பெயர் குளிர்ச்சிச் சித்தர். காரில் ஏசி போதவில்லை என்று டிரைவரைத் திட்டிக்கொண்டே எழுந்தருளினார். வீட்டுக்குப் பின்னால் கேன்வாஸ் தொட்டி போட்டுத் தெலாப்பியா மீன் வளர்க்கும் வீடெல்லாம் அவர் காலில் விழுந்தன. மீன் சாகிறதா? கண் பட்டிருக்கிறது. மந்திரித்த சிவப்புத் துணியை நாலு மூங்கில் நட்டுத் தொட்டிக்கு மேல் விரித்துக் கட்டுவார். மீன் பிழைக்கும். விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் காணிக்கைக்குக் கியூஆர் அட்டை. கடவுளுக்குச் சில்லறை பிடிக்காதாம்.

"துணி கட்டினதுலேர்ந்து என் வீட்டுல ஒரு மீன்கூட சாகல லா!" என்று இராமலிங்கம் அங்கிள் தெருவெல்லாம் சொன்னார். கேட்க வேண்டுமா?

என் பக்கத்து வீட்டுப் புனிதாவின் இரண்டு தொட்டியிலும் மீன் செத்து மிதந்தது. யார் கண்? சித்தர் வேலிக்கு அந்தப் பக்கம் விரலை நீட்டினார். குளோரியா! எல்லாருக்கும் பொருந்திப்போயிற்று. வேலி தாண்டி நீண்டிருந்த குளோரியாவின் மாமரம் தொட்டியில் இலை கொட்டுகிறது என்று சண்டை போட்டு, அதை வெட்ட வைத்தவள் புனிதா. மரம் வெட்டுப்பட்ட வாரமே மீன் சாக ஆரம்பித்தது. வயிறெரிந்து கண் வைத்துவிட்டாள்! அன்றிலிருந்து குளோரியாவைக் கண்டால் தெருவே கதவைச் சாத்தியது. பிள்ளைகளுக்கு அவள் கொடுத்த கேக் குப்பைக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை புனிதா வீட்டில் பரிகாரம். கூட்டம் வெயிலில், சித்தர் மட்டும் நிழலில். நானும் வேலியோரம் துணி காயப்போடப் போனேன். ஏற்கெனவே காய்ந்த துணிதான்.

குளோரியா வந்தாள். கக்கத்தில் ஒரு பழைய பேனர்.

"சாமி, கண்ணு என் வீட்டுலேர்ந்துதானே வருது?"

"ஆமாம்மா."

"உங்க துணி அதைத் தடுத்துடும்?"

"சந்தேகமே வேண்டாம்!"

"அப்புறம் ஏன் மேல கட்டுறீங்க? நான் என்ன ஹெலிகாப்டர்லயா வந்து பார்க்கறேன்? வேலியில கட்டுங்க!"

கூட்டம் சிரித்தது. "கரெக்டுதானே சாமி?" என்றார் இராமலிங்கம் அங்கிள்.

துணி வேலிக்குப் போனது. ஒரு தொட்டி திறந்தே கிடந்தது. இன்னொன்றின் மேல் குளோரியா தன் கையாலேயே பேனரைக் கட்டினாள். அதில் 'டுரியான் பழ பஃபே, வயிறு முட்டச் சாப்பிடலாம்' என்று எழுதியிருந்தது.

"ஐயோ, மிச்ச மீனும் செத்துடும்!" என்று அலறினாள் புனிதா.

"செத்தா நான் வீட்டையே காலி பண்ணிட்டுப் போறேன்."

சித்தர் பிரியாணியை முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்தது. திறந்த தொட்டியில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. டுரியானுக்குக் கீழே இருந்தவை ஜாலியாக நீந்தின. குளோரியா இரண்டிலும் தெர்மோமீட்டரை விட்டாள். வெயில் தொட்டி முப்பத்தாறு. பேனர் தொட்டி முப்பது.

"தண்ணி சூடானா அதுல இருக்கிற ஆக்சிஜன் குறையும், புனிதா. மூச்சு முட்டித்தான் சாகுது. அங்கிள், உங்க மீனைக் காப்பாத்தினதும் மந்திரம் இல்ல, நிழல். இங்க நிழல் குடுத்தது என் மாமரம். அதை வெட்டச் சொன்னது யாரு?"

புனிதா வாயைத் திறந்தாள், மூடினாள், அந்த மீன்களைப் போலவே. பிறகு ஓடிப்போய் வேலியிலிருந்த சிவப்புத் துணியை உருவித் தொட்டிமேல் விரித்தாள். மறுமுனையைக் குளோரியா பிடித்தாள்.

சித்தர்? காரில். ஏசியோடு. கியூஆர் அட்டையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு.

இத்தோடு தெரு திருந்திவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் எட்டிப் பார்த்தால் டுரியான் பேனருக்குக் குங்குமப் பொட்டு! எதிரே கைகூப்பியபடி இராமலிங்கம் அங்கிள்.

"குளோரியா, இது எந்தக் கோயில்ல மந்திரிச்சது?"

மீனுக்குத் தலைக்கு மேல் நிழல் இருந்தால் போதும். நமக்குத் தலைக்குள்ளேயும் ஏதாவது இருக்க வேண்டாமா?