மீனுக்கென்று வைத்திருந்த டப்பா

இந்தக் கதையைப் பல வருஷமாக நான் முழுசாக நம்பியதில்லை. சொன்னவர் என் நண்பர், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். விரல் நீள மீனைப் பேச்சிலேயே முழங்கை நீளத்துக்கு வளர்த்துவிடுவார். ஆனால் இந்தக் கதையில் மீனே கிடையாது. அதனால் உண்மையாக இருக்குமோ என்றும் தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் கூடாரம் போட்டு, பெரிய மீனோடுதான் திரும்புவது என்று அவர் சபதம் எடுத்தார். கையில் ஒரு டப்பா துரு எடுக்கும் ஸ்ப்ரே. அதைப் புழுமேல் அடித்தால் மீன்கள் வரிசையில் வந்து நிற்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கூடார ஜிப்புக்கும் தூண்டில் சக்கரத்துக்கும்கூட அதுதான் மருந்தாம்.

"அந்தக் கதவுக்குக் கொஞ்சம் அடிங்களேன். கழுத்தை நெரிச்ச மாதிரி கத்துது" என்றாள் மனைவி.

"இது மீனுக்கு வெச்சிருக்கேன்மா."

"கதவு மாசக்கணக்கா கத்துது. மீன் என்னிக்காவது கத்துச்சா?"

"கதவு எங்கே ஓடிடப் போகுது? அப்புறம் பாத்துக்கலாம்."

"வீட்டுல ஒரு கதவு கத்துற வரைக்கும் ஏரிப் பேச்சே எடுக்காதீங்க."

மதியம் அவள் கண்ணயர்ந்ததும் இவர் பூனையானார். மூலையில் வைத்திருந்த சாமான்களைக் காணோம். தேடினார். கூடாரம், அவள் கட்டிலை ஒட்டிய இரும்பு பீரோவுக்குள். தொட்டாலே ஓலமிடும் பீரோ. கீலில் ஒரு 'புஸ்'. வாயை மூடிக்கொண்டது. அவள் குறட்டையோடு புரண்டு படுத்தாள். தூண்டில், சமையலறை அலமாரியில். புஸ். சக்கரம், தையல் மெஷின் இழுப்பறையில். புஸ், புஸ். பிறகு படுக்கையறைக் கதவு, வாசல் கதவு, கேட். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு நழுவினார்.

ஏரிக்கரையில் புழுவைக் கோத்து, டப்பாவை அழுத்தினார். வெறும் காற்று. மழை பிடித்தது. கூடார ஜிப் பாதியில் சிக்கியது. தலை உள்ளே, கால் வெளியே. புழு நனைந்தது, அவர் நனைந்தார், மீன் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் வெளி கேட்டும் வாசல் கதவும் முனகாமல் அவரை உள்ளே விட்டன. மனைவி மெஷினில் ஏதோ தைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வந்துட்டீங்களா? வீடு எவ்வளவு அமைதியா இருக்கு! பரண் கதவு ஒண்ணுதான் பாக்கி. மீன் கூடையை அதுக்குள்ளதானே வெச்சேன், எடுக்காமலே போயிட்டீங்களே!"

இந்த இடத்தில் நாங்கள் சிரிப்போம். வருஷக்கணக்காகச் சிரித்தோம். போன வாரம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அன்று மெஷினில் இருந்தது ஒரு வெயில் தொப்பி என்றார். இவர் தலைக்குச் சின்னது. பூப்போட்டது. தைத்து முடித்து, சத்தம் போடாத அந்த வாசல் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறாள். இன்னும் புதுசாகவே தொங்குகிறதாம்.

ஏழெட்டு 'புஸ்'ஸில் தீர்ந்துபோன அந்த டப்பா முதலில் நிஜமாகவே நிறைய இருந்ததா என்று கேட்கத்தான் நான் இத்தனை நாள் காத்திருந்தேன். வாயில் வேறு கேள்வி வந்தது.

"ஒரு தடவையாவது 'நீயும் வர்றியா'ன்னு அவங்களைக் கேட்டீங்களா?"