தியாகேசன் கடைக்குச் சீல் வைத்த நாள்

அரக்கு ஆறிப் பூட்டோடு கெட்டியாகப் பிடித்துக்கொண்ட பிறகுதான், தன் தோளில் பை இல்லாததைக் குந்தவை கவனித்தாள்.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். உள்ளே சிமெண்டு மூட்டையின் மேல் பை சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. கட்டடத்தை அளக்கும்போது இறக்கி வைத்தது.

"வீரையண்ணே, என் பை உள்ள மாட்டிக்கிச்சு."

அலுவலக உதவியாளர் வீரையன் அசரவில்லை. "பைதானே மேடம், சாயங்காலம் வேற வாங்கிக்குங்க."

"சாவி அதுலதான் இருக்கு." குரலைத் தாழ்த்தினாள். "முத்திரையும் அதுலதான்."

வீரையனுக்கு வியர்த்துவிட்டது. பேரூராட்சியின் பித்தளை முத்திரை அது. சீல் வைத்ததற்குச் சாட்சிகள் கையெழுத்துப் போட்ட மகஜரில் அதைக் குத்திக் கதவில் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் தியாகேசன் வக்கீலை வைத்து மொத்தத்தையும் ஊதித் தள்ளிவிடுவார்.

குந்தவை செயல் அலுவலராக வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. தியாகேசனோ அனுமதி எதுவும் வாங்காமல், பாசன வாய்க்காலில் பாதியை மண்ணடித்து உரக்கடை கட்டிவிட்டார். முதல் நோட்டீஸை வாங்க மறுத்தார். இரண்டாவதை வாங்கி, வடையில் எண்ணெய் ஒத்தி எடுத்தார். மூன்றாவது போனபோது திறப்பு விழாப் பத்திரிகையை நீட்டி, "அவசியம் வந்துடுங்க மேடம்" என்றார். விழா நாளைக்கு. கடை திறந்துவிட்டால் அப்புறம் தலைகீழாக நின்றாலும் இடிக்க முடியாது. அடுத்த வாரம் தண்ணீர் வரும்போது கடைமடையில் நூறு ஏக்கர் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். விடுவதாக இல்லை குந்தவை.

"முத்திரைன்னு மூச்சு விடாதீங்க. தியாகேசன் காதுல விழுந்தா தொலைஞ்சோம். யாரு கேட்டாலும் பைன்னே சொல்லுங்க."

எதிர் டீக்கடை வள்ளியம்மை அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "என்னம்மா தேடுறீங்க?"

"பை!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"அட, இதுக்கா முழிக்கிறீங்க? முருங்கைக்கா பறிக்கிற துரட்டி இருக்கு, எடுத்துக்கிட்டுப் போங்க."

துரட்டியை ஜன்னல் கம்பிக்குள் விட்டு, பையின் வாரில் கொக்கியை மாட்டி, ஒரு இழுப்பு இழுத்தார் வீரையன். பை மூட்டைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. டிபன் பாக்ஸ் திறந்து, குந்தவையின் மதியச் சாப்பாடான புளிசாதம் தரையில் பரவியது. இப்போது பை கண்ணிலும் படவில்லை.

"மேடம், மேல வெண்டிலேட்டருக்கு இன்னும் கண்ணாடி போடல. நான் பூந்துடுவேன்."

"பூந்துடுவீங்களா?"

"சர்வீஸ்ல சேர்ந்தப்ப எப்படி இருந்தேன் தெரியுமா?"

சேர்ந்து இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது. தலை நுழைந்தது, தோள் நுழைந்தது. தொப்பை மட்டும் அனுமதி கேட்டுக்கொண்டு நின்றுவிட்டது. கால்கள் வெளியே உதறின. தலை உள்ளே புலம்பியது. கடைத்தெருவே கூடிவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் புல்லட்டில் வந்து இறங்கினார் தியாகேசன். பின்னாலேயே உர மூட்டை ஏற்றிய லாரி. இறங்கியதும் செல்போனைத் தூக்கினார்.

"எல்லாரும் பாருங்க! சீல் வெச்ச கட்டடத்துல பேரூராட்சியே சுவரேறிப் பூந்திருக்கு!"

"மேடம், மூச்சு முட்டுது!" என்று உள்ளிருந்து ஈனக்குரல் வந்தது.

வெளியிலிருந்து நாலு பேர் காலைப் பிடித்து இழுத்தார்கள். வேட்டிதான் கையோடு வந்தது. உள்ளே போய்த் தள்ளினால்தான் ஆள் வருவார். உள்ளே போக வேண்டுமானால் பூட்டை உடைக்க வேண்டும்.

"உடைங்க மேடம்," என்றார் தியாகேசன், செல்போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தபடி. "உங்க கையாலேயே திறந்து வெச்சா நமக்கும் ராசிதான்."

குந்தவை பஞ்சர் கடையிலிருந்து சுத்தியலை வாங்கி வந்துவிட்டாள்.

"நல்லா படம் புடிங்க சார். சீல் போனா அஞ்சு நிமிஷத்துல திருப்பி வெச்சுடுவேன். வீரையண்ணன் போனா திருப்பி வைக்க முடியாது."

ஒரே போடு. பூட்டு தெறித்தது. ஸ்டூல் போட்டு ஏறி இரண்டு பேர் தள்ள, வீரையன் வெளியே இருந்தவர்கள் மேல் போய் விழுந்தார். குந்தவை ஓடிப்போய்ப் பையைத் தூக்கிக் கவிழ்த்தாள். சாவி விழுந்தது. சீப்பு விழுந்தது, மாத்திரை அட்டை விழுந்தது. வேறொன்றும் விழவில்லை. மூட்டைக்கு அடியில் துழாவினாள். கை முழுக்கப் புளிசாதம்தான்.

வாசலில் தியாகேசன் சாவகாசமாகச் சூடம் கொளுத்தினார். "அம்மாவே திறந்து வெச்சுட்டாங்க. நாளைக்கு வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? மூட்டையை இறக்குங்கடா!"

லாரியின் பின்கதவு தடால் என்று திறந்தது. முதல் மூட்டை ஒருவன் தோளில் ஏறிவிட்டது. நூறு ஏக்கரும் கண்முன்னால் காய்வதுபோல் இருந்தது குந்தவைக்கு. ரகசியமாவது ஒன்றாவது! வாசலுக்கு வந்து ஊரே கேட்கக் கத்திவிட்டாள்.

"ஐயோ, முத்திரையைக் காணோமே! பேரூராட்சி முத்திரையைக் காணோமே!"

கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த வள்ளியம்மை நிமிர்ந்து பார்த்தாள்.

"முத்திரை உள்ள இருந்துச்சுன்னா வெளியில அரக்குல எதைம்மா குத்துனீங்க? சூடாறட்டும்னு நீங்கதானே காலையில என் வாளியில போட்டீங்க, கேட்டிருந்தா அப்பவே எடுத்துக் குடுத்திருப்பேனே. நீங்க பை, பைன்னுல்ல தேடுனீங்க!"