பன்னிரண்டு மாற்று அங்கத்தினரின் ராஜினாமா

ரங்கூன்,
1926 ஜூன் 28, திங்கட்கிழமை

மரியாதைக்குரிய அண்ணன் பர்னபாஸ் அவர்களுக்குத் தங்கை மக்தலேனா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உங்கள் மாப்பிள்ளையின் சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். சட்டை சாப்பாட்டு மேசைமேல் கிடந்தது. அதன்மேல் ஒரு துண்டுக் காகிதம்: "பொத்தான் ஒன்று. கழுத்துப் பக்கம். ஜெபதாஸ், தலைவர்." நானும் பிள்ளைகளும் இங்கே சுகம். அவரும் சுகமாகத்தான் இருக்கிறார் என்று அவர் சாப்பிடும் அளவை வைத்து நினைக்கிறேன். என்னோடு பேசி இருபத்திரண்டு நாள் ஆகிறது. மதினியின் மூட்டு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அவர் உங்களுக்கு எழுதியதைப் படித்துவிட்டு நீங்கள் எனக்கு எழுதியதை இரண்டு முறை படித்தேன். "ஸ்பெயின் தேசத்துக் கலகத்தை நம் குடும்பத்தில் நுழைத்துவிட்டாய்" என்கிறீர்கள். அண்ணன், நான் நுழைத்தது கலகம் அல்ல, சட்டம். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பிறகு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

அவர் தலைவராக இருக்கும் எங்கள் தமிழர் ஐக்கிய சங்கத்தில் ஐக்கியம் மட்டும் இருந்ததில்லை. நிர்வாக சபை முழுக்க ரங்கூன்காரர்கள் என்று ஆற்றுக்கு அக்கரைச் சிரியத்து எண்ணெய் ஆலைக்காரர்களுக்குக் கோபம், சந்தா மட்டும் எங்களதா என்று மாவ்பிக்காரர்களுக்குக் கோபம், கூட்ட அறிவிப்பே வருவதில்லை என்று கியாக்தான்காரர்களுக்குக் கோபம். புது விதிகள் எழுதித் தரும்படி என்னைத்தான் கேட்டார்கள், கல்லூரி போனவள் என்பதற்காக. நான் வேலை செய்யும் கான்வென்டில் சிஸ்டர் இனேஸ் என்று ஒரு ஸ்பானியக் கன்னிகாஸ்திரீ இருக்கிறார். அவருடைய தகப்பனார் அந்த நாட்டில் மாகாண மன்றத்தில் இருபது வருஷம் அங்கத்தினர். அந்த மன்றத்தின் கதையைக் கேட்டால் நம் சங்கத்தின் கதை போலவே இருக்கும். 1812-இல் எழுதிய அரசியல் சாசனத்தில் பிறந்தது. இரண்டே வருஷத்தில் ராஜா கலைத்தார். 1820-இல் எழுந்து உட்கார்ந்தது. மூன்று வருஷத்தில் அதே ராஜா மறுபடியும் கலைத்தார். அவர் செத்த பிறகுதான் அது மூச்சு விட்டது. 1924-இல், முந்தின வருஷம் ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதி எல்லா மன்றங்களையும் கலைத்தபோது சிஸ்டரின் தகப்பனாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் இன்றைக்கும் கூட்ட நாள் வந்தால் கோட்டு மாட்டிக்கொண்டு போய் மன்றத்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டு வருகிறாராம். போன வருஷம் வந்த புதுச் சட்டத்தை அவர்தான் மகளுக்கு அனுப்பினார். அதன்படி அங்கத்தினரில் பாதிப்பேரை ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுக்க வேண்டும், பாதிப்பேரை ஊர்ச்சபைகள் அனுப்ப வேண்டும், ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்று அங்கத்தினர் உண்டு. மன்றத்தின் முக்கியமான பொறுப்பு தர்ம ஆஸ்பத்திரி, பிரசவ விடுதி, அநாதைப் பிள்ளைகள் இல்லம்.

இதை அப்படியே தமிழில் எழுதினேன். ரங்கூன் ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கும், மூன்று வெளியூர்களும் இரண்டிரண்டு பேரை அனுப்பும், ஆகப் பன்னிரண்டு. ஒரு கை கூட எதிர்த்து எழவில்லை. மதராஸ் சட்டம் என்றிருந்தால் ஒருவர் முறைத்திருப்பார், வெள்ளைக்காரன் சட்டம் என்றிருந்தால் இன்னொருவர் எழுந்து போயிருப்பார். ஸ்பெயினோடு நம்மவர் யாருக்கும் மனஸ்தாபம் இல்லை.

சிக்கல் மாற்று அங்கத்தினரில் வந்தது. ஒருவருக்கு இன்னொருவர் மாற்றாக இருக்கச் சம்மதிக்கவில்லை. மாவ்பி அரிசி ஆலை பழனியப்பன் எழுந்து, "நான் என்ன மோட்டாருக்குப் பின்னாடி கட்டித் தொங்கவிடுற ஸ்டெப்னியா?" என்று கேட்டார். கடைசியில் உங்கள் மாப்பிள்ளைதான் யோசனை சொன்னார்: "வீட்டுக்காரி பேரை எழுதிப் போடுங்கய்யா. இடமும் நிரம்பும், ஆபத்தும் இல்ல." பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு மனைவிகளின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த யோசனை என்னுடையதல்ல என்பதைத் தயவுசெய்து கவனிக்கவும்.

இப்போது ஜூன் ஆறாம் தேதிக்கு வருகிறேன். சங்கத்துப் பின்னறை காலியாக இருந்தது. பழனியப்பன் ஏலத்தில் ஒரு பில்லியர்ட் மேசையை எடுத்து, எட்டாளை வைத்துத் தூக்கி அதற்குள் போட்டிருந்தார். சிரியத்து அங்கத்தினர் ஒருவரின் மனைவி நீலாம்பாள். போன வருஷம் வலி கண்டு, ஆற்றைக் கடக்க நீரேற்றத்துக்குக் காத்திருந்து, சம்பான் படகிலேயே பிள்ளை பிறந்து, கரை சேர்வதற்குள் அது போய்விட்டது. இப்போது அவளுக்கு எட்டாம் மாதம். மாதம் நெருங்கியதும் வெளியூர்ப் பெண்கள் முன்கூட்டியே வந்து தங்க அந்த அறையைப் பிரசவ அறையாக்க வேண்டும் என்று அவள் புருஷன் தீர்மானம் கொண்டுவந்தார். "புள்ள பெறுறது சங்கத்தோட நோக்கத்துல இல்ல" என்றார் பழனியப்பன். பிரசவ விடுதி விதி இரண்டிலேயே இருக்கிறது என்று நான் கதவருகிலிருந்து சொன்னேன். எல்லோருக்கும் மேசைமேல் ஆசை. ஆனால் பலகாரத்தட்டோடு மனைவிமார் வாசலில் நிற்கும்போது பிரசவ அறைக்கு எதிராகக் கை தூக்க ஒருவருக்கும் தைரியம் இல்லை. அதனால் எதிரிலிருக்கும் பர்மாக்காரர் லெப்பெயி கடைக்குத் தேநீர் குடிக்கப் போவதாக எழுந்து போய்விட்டார்கள். ஆள் குறைந்தால் ஓட்டு இல்லை, ஓட்டு இல்லையென்றால் பழி இல்லை. தீர்மானம் கொண்டுவந்தவரையும் தோளில் கைபோட்டுக் கூட்டிப்போனார்கள்.

பழனியப்பனின் மனைவி அம்சவேணிதான் ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்து ஆசிரியை என்பதால் இங்கே எல்லோருக்கும் நான் சயாமா.

"சயாமா, மாத்துன்னா என்ன?"

"அங்கத்தினர் இல்லாதப்போ அவர் எடத்துல உக்கார்றவங்க."

"இப்ப அவுக இல்லையே."

"இல்ல."

"அப்ப உக்காரலாமா?"

வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்டிருக்கிறீர்கள். இருபத்திரண்டு நாளாக நானும் என்னைக் கேட்டுப் பார்க்கிறேன். உட்காரலாம் என்று சொல்ல நான் மூச்சு விடும் நேரம் கூட எடுக்கவில்லை. நான் தலைவரின் மாற்று. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து மணியை அடித்தேன். நாற்காலி இவ்வளவு சௌகரியமாக இருக்கும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நீலாம்பாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புருஷன் இடத்தில் உட்கார்ந்தாள். இருபது நிமிஷத்தில் தீர்மானம் நிறைவேறிப் பன்னிரண்டு கையெழுத்தும் விழுந்தன. மேசை வாசலில் நுழைந்த மாதிரி வெளியே போக மறுத்தது. மருத்துவச்சி சைதா வந்து அதைத் தட்டிப் பார்த்து, "ஒசரம் அளவெடுத்த மாதிரி இருக்கு, கெடக்கட்டும்" என்றாள். அந்த நேரத்தில்தான் ஆண்கள் திரும்பி வந்தார்கள்.

"என்னடி இது?" என்றார் பழனியப்பன்.

"அங்கத்தினர 'டி' போட்டுக் கூப்புடக் கூடாதுங்க. விதி பதினாலு" என்றாள் அம்சவேணி.

கூட்டத்தை விட்டு எழுந்து போனவரின் இடம், மாற்று ராஜினாமா செய்யும்வரை மாற்றுக்கே என்பதும் விதியில் உண்டு. உங்கள் மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.

அண்ணன், நான் செய்தது எழுத்துக்கு எழுத்து ஸ்பானியச் சட்டப்படிதான். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. இருந்தாலும் நீங்கள் மூத்தவர். கல்லூரியில் சேர்ந்தது, கப்பலேறியது என்ற இரண்டைத் தவிர உங்கள் பேச்சை நான் தட்டியதில்லை. நீங்கள் கட்டளையிட்டபடி மாற்று அங்கத்தினர் பன்னிரண்டு பேரின் ராஜினாமாவையும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மணியோடு சேர்த்து அதை அவர் கையில் கொடுத்துவிடுவேன். அறை கிடைத்துவிட்டது, இனி எனக்கு நாற்காலி எதற்கு? நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

மதினிக்கு என் அன்பு. நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்க்கச் சொல்லவும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். ஆண்டவர் உங்கள் வீட்டில் எல்லோரையும் ஒருவரோடொருவர் பேசும் நிலையில் வைத்திருப்பாராக.

கீழ்ப்படிதலுள்ள தங்கை,
மக்தலேனா ஜெபதாஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது நீலாம்பாள் வந்தாள். "ஞாயித்துக்கெழம நீங்க எந்திரிச்சதும் அவுக உக்காந்து, மொத வேலையா நம்ம தீர்மானத்த ரத்து பண்ணப் போறாகளாம். எங்க வீட்டு ஆளே சொன்னாரு. தலையக் குனிஞ்சுக்கிட்டுத்தான் சொன்னாரு. அறை இருக்கும்ல, சயாமா?" என்றாள். இருக்கும் என்றேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினில் புருஷன் உள்ள பெண்ணுக்கு மன்றத்தில் இடம் கிடையாது. அந்த ஒரு வரியை மட்டும் நான் தமிழில் எழுதவில்லை. பக்கம் நிறைந்துவிட்டது என்று அன்றைக்கு எனக்கே சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் நான்கு விரல் இடம் இருந்தது.

இந்தத் தாளைத் திருப்பிப் பாருங்கள். ராஜினாமாவும் அதன் பன்னிரண்டு கையெழுத்தும் இருக்கும். வீட்டில் வேறு காகிதம் நிறைய இருக்கிறது. இதன்மேல்தான் எழுத வேண்டும் என்று எழுதுகிறேன். கையெழுத்துப் போட்ட பதினொரு பேருக்கும் இது தெரியாது, பொத்தான் வைத்த சட்டையோடு ஆபீசுக்குப் போயிருக்கிறவருக்கும் தெரியாது. நீங்கள் இதைப் பத்திரமாக வைத்திருங்கள். நீலாம்பாளுக்குப் பிள்ளை பிறந்து, அது குப்புற விழுந்து, தவழ்ந்த பிறகு திருப்பி அனுப்பினால் போதும்.