பதினைந்து கோர் தூங்கிய ஞாயிறு

தர்மராஜுக்கு உலகத்திலேயே ஆகாத ஊர் திருவெள்ளறை. அங்கே மனைவி வேணியின் அண்ணன் மருதைக்கு வாழைத்தோப்பு இருக்கிறது. போனால் ஒவ்வொரு வாழையாக நிறுத்தி அறிமுகப்படுத்திவைப்பார் மனுஷர்.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. தர்மராஜ் கே.கே. நகர் வீட்டிலேயே கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவர். துண்டு துண்டாக வெட்டியதை ஒரே படமாக்க அவருடைய கிழட்டுக் கம்ப்யூட்டருக்கு ஆறு மணி நேரம் பிடிக்கும். ஞாயிறு காலை அதை ஓடவிட்டு, "பக்கத்துல ஆள் இருக்கணும் வேணி" என்பார். அவள் தனியாக பஸ் ஏறுவாள். இவர் போனில் கிரிக்கெட் பார்ப்பார்.

மருதை மனசு கேட்கவில்லை. புதுக் கம்ப்யூட்டரே வாங்கி வந்து இறக்கிவிட்டார். பாசம் இப்படியா வந்து தொலைக்கும்!

"பதினாறு கோராமே, அப்படின்னா என்னங்க?" என்றாள் வேணி.

"உள்ள பதினாறு வேலையாள்னு வச்சுக்கயேன். ஒரு வேலையைப் பிரிச்சு ஆளுக்குக் கொஞ்சமாச் செய்யும்."

"யாரு பிரிச்சுக் குடுக்கறது?"

"ஆபரேட்டிங் சிஸ்டம்."

தனியாக ஓட்டிப் பார்த்தார். ஆறு மணி நேர வேலை அரை மணியில் முடிந்தது. இனி வேணியிடம் என்ன சாக்கு சொல்வது? நல்லவேளை, எந்த வேலை எந்தெந்த கோரில் ஓடலாம் என்று டிக் அடிக்கிற பட்டியல் ஒன்று அதிலேயே இருந்தது. ஒன்றை விட்டுவிட்டு மீதிப் பதினைந்து டிக்கையும் எடுத்தார். பழையபடி ஆறு மணி நேரம்.

அடுத்த ஞாயிறு மருதை மகளுக்குக் காதுகுத்து. மாமா வராமல் இருப்பாரா என்று நாலு தடவை போன் வந்துவிட்டது. ஏழரைக்கே வேலையை ஓடவிட்டுக் குளிக்கப் போனார். பட்டியலை மூடாமல் போனார், பாவி மனுஷர்.

வேணி ரெடிமேட் கம்பெனியில் சூப்பர்வைசர். திரையில் டிக் பட்டியலுக்குப் பக்கத்தில் கோருக்கு ஒன்றாகப் பதினாறு கட்டம். ஒன்றில் கோடு உச்சியைத் தொட்டது. பதினைந்தில் தரையோடு கிடந்தது. ஒருத்தர் முதுகொடிய உழைக்க, பதினைந்து பேர் சும்மா உட்கார்ந்திருந்தால் அவளுக்கு எரியும். பதினைந்தையும் டிக் அடித்தாள். அவர் குளியல் முக்கால் மணி நேரம். அது போதுமானதாக இருந்தது.

குளித்து வந்தவர் திரைக்கு முதுகைக் காட்டி, போனில் மேட்சைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பத்து மணிக்குப் பட்டுப்புடவையில் வந்து நின்றாள் வேணி.

"எவ்வளவுங்க முடிஞ்சிருக்கு?"

போனைத் தொடைக்கு அடியில் செருகினார். "பாதிகூட ஆகல. எனக்கு வரணும்னு ஆசைதான். இந்த மெஷின் கட்டிப்போட்டுடுச்சே!" குரல்கூடத் தழுதழுத்தது.

"அய்யோ பாவம். கல்யாணப் பொண்ணோட அம்மா இப்பதான் போன் பண்ணாங்க. நீங்க குளிக்கறப்ப நான் அனுப்பின படத்தை முழுசாப் பாத்துட்டாங்களாம். தாலி கட்டற இடத்துல அழுதே போயிட்டாங்களாம். சட்டையைப் போடுங்க."