மாமனாரின் ஸ்டேஷன் மாஸ்டரை நான் தொலைத்த கதை

ஊரார் கம்ப்யூட்டரைச் சரிசெய்து சம்பளம் வாங்குகிறவர்களிடம் வீட்டு மொபைலைக் கொடுக்கவே கூடாது. நானே அந்த வர்க்கம் என்பதால் அடித்துச் சொல்கிறேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் எனக்கு லைசென்ஸ் சப்போர்ட் வேலை. காசு கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேர் திடீரென்று 'நீ யார்?' என்று கேட்டுக் கதவைச் சாத்தும்போது, வாடிக்கையாளர் கத்துவதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?" என்று கேட்கும் உத்தியோகம். (இதுக்கா ஜீவனஹள்ளியிலேர்ந்து தினமும் கேப்ல அவ்வளவு தூரம் போறேன்னு எங்கம்மா கேட்பாங்க. நியாயமான கேள்விதான்.)

கல்யாணமான புதிதில் புகுந்த வீட்டில் எனக்கிருந்த ஒரே மரியாதை இந்த வேலைதான். சமையலில் எப்போதோ கோட்டை விட்டிருந்தேன். என் ரசத்தை முதன்முதலாகக் குடித்த மாமனார், "கஷாயம் நல்லாருக்கும்மா, சளிக்குக் கேக்கும்" என்று மனதாரப் பாராட்டியிருந்தார்.

மாமா, கோலார் தங்க வயலில் சுரங்க ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் மொபைல், மகனிடமிருந்து அப்பாவுக்கு இறங்கும். அப்படி என் கணவர் தயாளனிடமிருந்து இறங்கிய பழைய மொபைலில், அவர் காசு கொடுத்து வாங்கிய எமுலேட்டர் ஆப் ஒன்று இருந்தது. கம்ப்யூட்டருக்காகச் செய்த படக்கதை விளையாட்டுகளை மொபைலில் ஓடவைக்கும் ஆப் அது. திரையில் படம், கீழே வசனம். தொட்டால் கதை நகரும். நடுநடுவே 'கதவைத் திறக்கலாமா, வேண்டாமா?' என்று நம்மையே கேட்கும். மாமா அதில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. மலையூர் ஒன்றில் ஸ்டேஷன் மாஸ்டர் காணாமல் போகிறார். கடத்தியது யார் என்பதுதான் கதை. மழைக்காலம் முழுக்கப் படித்து, கடைசி அத்தியாயத்துக்கு வந்துவிட்டார்.

ஆனால் அவருடைய பள்ளித் தோழர், ரிச்சர்ட்ஸ் டவுன் அருள்ராஜ் அங்கிள், அதே கதையை முந்திக்கொண்டு முடித்துவிட்டார். அவர் வாயில் ரகசியம் தங்காது. தியேட்டர் வாசலில் டிக்கெட்டுக்கு நிற்கிறவர்களிடமே கிளைமாக்ஸைச் சொன்ன புண்ணியவான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வருவார். மாமா அதற்குள் படித்து முடித்தாக வேண்டும்.

சனிக்கிழமை காலை ஆப் திறக்க மறுத்தது. லைசென்ஸைச் சரிபார்க்க முடியவில்லையாம்.

"நேத்து அந்த போர்ட்டரு உண்மைய சொல்ல வாயத் தொறந்தாம்மா. இன்னிக்கு லைசென்ஸ் இல்லன்னு வெளிய தள்ளுது. இன்னா பண்றது?"

"லைசென்ஸா? சரியான ஆள்கிட்டதான் வந்திருக்கீங்க மாமா. இப்படிக் குடுங்க." ரசத்தில் போன மானத்தை மீட்க நல்ல நேரம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

எங்கள் ஆபீசில் முதல் பாடம், 'கடைசியாக யார் எதை மாற்றினார்கள் என்று கேள்' என்பது. புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை. (நிபுணருக்குக் கேள்வி எதுக்கு?)

ரீஸ்டார்ட் செய்தேன். அசையவில்லை. மொபைலில் மணி பத்து நிமிடம் முன்னால் ஓடியது. "கண்டுபிடிச்சிட்டேன்! டைம் தப்பா இருந்தா லைசென்ஸ் ஏத்துக்காது மாமா."

"அது நான்தாம்மா வெச்சேன். சங்கு ஊதறதுக்கு முன்னாடி ஷிஃப்ட்டுக்குப் போயிடணும்ல."

சுரங்கம் மூடி எத்தனையோ வருஷமாகிவிட்டது. நேரத்தைத் திருத்தினேன். அப்போதும் திறக்கவில்லை. மாமாவின் முகத்தில் 'கஷாயம்' தெரிய ஆரம்பித்தது. அந்த அவசரத்தில் செட்டிங்ஸுக்குள் போய் 'டேட்டாவை அழி' என்பதைத் தொட்டேன். எல்லாக் கோப்புகளும் நிரந்தரமாக அழிந்துவிடும் என்று எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கையைக் கவனமாகப் படியுங்கள் என்று உலகத்துக்கே மெயில் அனுப்புகிறவள், படிக்காமல் 'சரி' கொடுத்தேன்.

அப்போதுதான் தயாளன் கறிக்கடையிலிருந்து பையோடு நுழைந்தார்.

"லைசென்ஸ் போச்சா? அந்த ஃபோன்லேர்ந்து என் அக்கவுண்ட்ட நேத்துதான் எடுத்தேன். அப்பா எடுக்கற ஃபோட்டோ எல்லாம் என் ஃபோன்ல வந்து விழுது. மேனேஜருக்கு ஒரு ஃபோட்டோ காட்டலாம்னு தொறந்தா, அப்பாவோட கால் ஆணி!"

ஆப்பை வாங்கியது அவர் கணக்கில். கணக்கு போனதும் லைசென்ஸும் போய்விட்டது, அவ்வளவுதான் விஷயம். அவர் பாஸ்வேர்டைப் போட்டார், ஆப் திறந்தது. மாமா ஆவலாக வாங்கி, கதையைத் தொடர்வதற்கான பொத்தானைத் தொட்டார். அது மங்கிக் கிடந்தது. மறுபடி தொட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் தொட்டார்.

"ஏம்மா, நான் படிச்சதெல்லாம் எங்க?"

என் வாய் பழக்கதோஷத்தில் திறந்துகொண்டது. "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் மாமா."

அவர் திட்டவில்லை. மொபைலைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் அருள்ராஜ் அங்கிள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "டேய், அந்த ஸ்டேஷன் மாஸ்டர யாரு..." என்று ஆரம்பித்தார். மாமா பாத்ரூமுக்குள் ஓடிக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். நான் குறுக்கே பாய்ந்தேன். "அங்கிள், என்கிட்ட சொல்லுங்க! எனக்குக் கேட்கணும்!"

சொன்னார். டீயும் முறுக்குமாக, ஒரு திருப்பம் விடாமல் சொன்னார். உள்ளே தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. கார்ப்பரேஷன் தண்ணீர் வரும் நாள் அதுதான். அந்த வாரம் முழுக்க எங்களுக்கு டேங்கர் தண்ணீர்.

மாமா முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். சாப்பிடும்போதெல்லாம், "போர்ட்டர் மேலதாம்மா எனக்கு சந்தேகம்" என்று என் முகத்தையே பார்ப்பார். நான் சாம்பாரைப் பார்ப்பேன். ஒருவழியாகப் படித்து முடித்து, என்னை மன்னித்தும் விட்டார். மறக்கத்தான் இல்லை.

அது தெரிந்தது என் மகள் பிறந்த அன்று. நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தபோது மாமா குறுக்கே கை நீட்டினார். "இரும்மா. அவ கையில குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து வெச்சிக்கிறேன்." அந்தப் பழைய மொபைலில் படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் குழந்தை எனக்குக் கிடைத்தது.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வீட்டுப்பாடத்தை என்னிடம் காட்டுவதற்கு முன்னால், தாத்தாவிடம் கொண்டுபோய் ஒரு ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறாள்.